புள்ளி தெரியும் வயர்

அத்தானின் தங்கை மகளுக்கு ஆவணியில் கல்யாணம். பத்திரிகை அடித்துக் கொடுப்பது என் பொறுப்பு. தென்காசியில் டிடிபி கடை வைத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. சொந்தபந்தத்தில் எந்த விசேஷம் என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். பத்திரிகையில் ஒரு பெரியவர் பெயர் தப்பாக விழுந்துவிட்டால் அந்தக் குறை பேரன் கல்யாணம் வரைக்கும் பேசப்படும். அதனால் இந்த முறை புரூஃபைத் தாளில் எடுத்து ஆளாளுக்குக் கொடுப்பதை விட்டுவிட்டு, கணினியையே குற்றாலத்துக்குக் கொண்டுபோய், அக்கா வீட்டு ஹாலில் இருக்கும் 32 இஞ்ச் டிவியில் காட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். எல்லாரும் ஒரே நேரத்தில் படிக்கலாம், திருத்தத்தை அங்கேயே போட்டுவிடலாம்.

தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர்தான். ஆடிச் சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்தது. சிபியுவைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தி, மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன். அக்கா வீடு ஐந்தருவிக்குப் போகும் வழியில் இருக்கிறது. அந்த டிவியின் முதுகில் விஜிஏ துளையும் இருந்தது, எச்டிஎம்ஐ துளையும் இருந்தது. என் கணினியிலும் அப்படியே. புதியதுதானே நல்லது என்று எச்டிஎம்ஐ வயரைச் செருகினேன். படம் வந்தது, சத்தமும் வந்தது. பாயை விரித்து எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

முதல் வரியிலேயே அத்தான் நிறுத்தினார். "என்ன மாப்ள, செல்வன்ல புள்ளி இல்லியே."

பார்த்தேன். 'செல்வன' என்றுதான் தெரிந்தது. 'ன்' மேல் இருந்த புள்ளி சாம்பல் நிறக் கறையாகத் தேய்ந்திருந்தது. பத்திரிகை அமைக்கும் கோரல் மென்பொருளில் அந்த இடத்தைப் பெரிதாக்கினேன், புள்ளி இருந்தது. முழு அட்டையும் தெரியும்படி சுருக்கினேன், போய்விட்டது. அடுத்த அரை மணி நேரம் ஹாலில் இருந்த ஏழெட்டுப் பேரும் கோப்பில் இல்லாத பிழைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். நானும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிக் காட்டி, "இருக்குது, இருக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். திரையின் அடியில் டாஸ்க்பார் பாதிதான் தெரிந்தது. இடது ஓரத்து ஐகான்களில் முதல் எழுத்தைக் காணோம்.

அக்கா மகன் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவன். அலமாரியிலிருந்து நீல முனை வைத்த தடித்த வயர் ஒன்றை எடுத்து வந்தான். "மாமா, இதைப் போட்டுப் பாருங்க. நான் இதுலதான் படிக்கேன்."

போட்டேன். டிவியில் உள்ளீட்டை மாற்றினேன். ஒரு நொடி படம் ஆடி, நிலைக்கு வந்தது. புள்ளிகள் அத்தனையும் அதனதன் இடத்தில் இருந்தன. டாஸ்க்பாரும் முழுசாகத் தெரிந்தது.

1987இல் பிறந்த வயர், 2002இல் பிறந்த வயரை எப்படி முந்தியது? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதன்பிறகு சில மாதங்கள், குற்றாலத்து டிவியிலும் என் வீட்டு டிவியிலும் அதே சிபியுவை மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்தேன். கல்லூரிப் படிப்பு முடித்து மத்தளம்பாறைப் பக்கம் மென்பொருள் வேலைக்குப் போகும் தம்பி ஒருவரிடம் சந்தேகங்களைக் கேட்டேன். கண்டதைச் சொல்கிறேன்.

கணினியும் டிவியும் முதலில் ஒரே வீட்டில்தான் இருந்தன. 1981இல் வந்த பிபிசி மைக்ரோ, 1982இல் வந்த ஸ்பெக்ட்ரம் போன்ற வீட்டுக் கணினிகளுக்கு வீட்டு டிவியே திரை. படத்துக்கு அது போதும், எழுத்துக்குப் போதவில்லை. நம் ஊர் ஒளிபரப்பில் 625 கோடுகள், அதில் படமாகத் தெரிபவை 576. ஒரு வரிக்கு 80 எழுத்து போட்டால் டிவியில் கலங்கிவிடும். அதனால் கணினி தனக்கென்று மானிட்டரை வைத்துக்கொண்டு தனிக்குடித்தனம் போயிற்று. 2006இல் தமிழக அரசு வீடு வீடாகக் கொடுத்த 14 இஞ்ச் வண்ணத் தொலைக்காட்சி வரைக்கும் இந்த நிலைதான். அதில் இருந்த ஏவி துளையில் கணினியை மாட்டித் தமிழ் எழுத்தைப் படிக்க முயன்றவர்களுக்குத் தெரியும், 'ண'வுக்கும் 'ன'வுக்கும் வித்தியாசமே தெரியாது. தட்டை டிவி வந்தபிறகுதான் இரண்டும் மறுபடி ஒரு கூரைக்குக் கீழ் வந்தன. ஆனால் வளர்ந்த வீடு வேறு வேறு. பழக்கமும் வேறு.

விஜிஏ கணினி வீட்டுப் பிள்ளை. ஐபிஎம் தன் பிஎஸ்/2 கணினிகளோடு கொண்டுவந்தது. மூன்று வரிசையில் ஐந்தைந்தாகப் பதினைந்து ஊசிகள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனிக் கம்பி. அதில் பூஜ்யத்திலிருந்து 0.7 வோல்ட் வரை ஏறி இறங்கும் மின்னழுத்தம்தான் படம். கணினிக்குள் எண்ணாக இருக்கும் நிறம் மின்னழுத்தமாக மாறி வயரில் ஓடி, தட்டை டிவிக்குள் போய் மறுபடி எண்ணாக மாற வேண்டும். இரண்டு முறை மொழிபெயர்த்தால் ஏதாவது ஒன்று நழுவத்தான் செய்யும்.

எச்டிஎம்ஐ டிவி வீட்டுப் பிள்ளை. ஹிட்டாச்சி, பானசோனிக், பிலிப்ஸ், சோனி, தாம்சன், தோஷிபா, சிலிக்கான் இமேஜ் என்ற ஏழு நிறுவனங்கள் சேர்ந்து 2002 டிசம்பரில் அதன் முதல் வரையறையை வெளியிட்டன. பெயர்களைப் பார்த்தாலே தெரியும், பெரும்பாலும் டிவியும் வீடியோ பிளேயரும் செய்கிறவர்கள். 1999இல் கணினிக்காக வந்த டிவிஐ என்ற எண்முறை இணைப்பை எடுத்து, அதோடு சத்தத்தையும் சேர்த்து, 19 ஊசி கொண்ட சிறிய முனைக்குள் அடக்கினார்கள். எண்ணாகக் கிளம்பியது எண்ணாகவே போய்ச் சேரும். நடுவில் எதுவும் நழுவாது. காகிதத்தில் பார்த்தால் போட்டியே கிடையாது.

காகிதத்தில் எழுதப்படாதது ஒன்று டிவியின் முதுகில் எழுதியிருந்தது. குற்றாலத்து டிவியில் விஜிஏ துளைக்குக் கீழே 'பிசி இன்' என்று சின்ன எழுத்தில் அச்சாகியிருக்கிறது. எச்டிஎம்ஐ துளைக்குக் கீழே 'எச்டிஎம்ஐ 1' என்று மட்டும். முழு விஷயமும் இதில் இருக்கிறது. நீல முனையைச் செருகியதும் வந்திருப்பது கணினி என்று டிவிக்குத் தெரிந்துவிடுகிறது. இங்கே பிடித்துத் தரவேண்டியது எழுத்து, சினிமா அல்ல என்று தன் கைவேலைகளை எல்லாம் நிறுத்திக்கொள்கிறது. எச்டிஎம்ஐ வழியாக வருவது எதுவானாலும் அதற்குச் சினிமாதான். டிஷ் பெட்டியா, பிளேயரா, கணினியா என்று அது கேட்பதில்லை. நாமாகச் சொன்னால்தான் உண்டு.

அந்தக் கைவேலைகள் என்னென்ன? முதலாவது, அளவு மாற்றுவது. குற்றாலத்து டிவி 'எச்டி ரெடி' வகை. அதன் பலகையில் அகலவாக்கில் 1366 பிக்சல், உயரவாக்கில் 768. என்னிடம் இருக்கும் பதினெட்டரை இஞ்ச் மானிட்டரிலும் இதே எண்ணிக்கைதான். ஆனால் எச்டிஎம்ஐயில் இணைந்ததும் டிவி கணினியிடம் தன் ஜாதகத்தைக் கொடுக்கும். எந்தெந்த அளவில் படம் அனுப்பினால் ஏற்றுக்கொள்வேன் என்ற பட்டியல் அது. அந்தக் காலத்து எச்டி ரெடி டிவிகள் பலவற்றில் இந்தப் பட்டியலில் 1920 × 1080 இருக்கும், 1280 × 720 இருக்கும். தன் சொந்த அளவான 1366 × 768 இருக்காது. ஒளிபரப்பிலும் டிஸ்க்கிலும் அந்த அளவில் படம் வராது, எதற்குச் சொல்லவேண்டும் என்று விட்டிருப்பார்கள். கணினி பட்டியலைப் பார்த்து, இருப்பதில் பெரிய 1080ஐ அனுப்புகிறது. டிவி அதை 768க்குள் நசுக்குகிறது. ஒவ்வொரு ஏழு வரிசையும் ஐந்து வரிசையாகச் சுருங்குகிறது.

முகத்தையோ மலையையோ இப்படிச் சுருக்கினால் ஒன்றும் ஆகாது. எழுத்தைச் சுருக்கினால்? ஏழு அங்குல உயரமுள்ள அட்டை முழுசாகத் திரையில் தெரியும்போது, பத்துப் பாயின்ட் எழுத்து பதினாலு பிக்சல் உயரம்கூட இருக்காது. அதில் மெய்யெழுத்தின் புள்ளிக்குக் கிடைப்பது ஒன்று, மிஞ்சினால் இரண்டு பிக்சல். ஏழை ஐந்தாக்கும் ஆலையில் அந்த ஒன்றரை பிக்சல் பக்கத்து வெள்ளையோடு கரைந்து சாம்பலாகிறது. அதற்கு மேல் டிவியின் ஷார்ப்னெஸ் வேலை வேறு: எழுத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு போட்டுக் கூர்மையாகக் காட்டுகிறேன் என்று, மிச்சமிருந்த புள்ளியையும் விழுங்கிவிடும். ஆங்கில எழுத்தில் 'ஐ'யின் மேல் புள்ளி போனாலும் வார்த்தை நிற்கும். தமிழில் புள்ளி போனால் மெய் உயிர்மெய்யாகிவிடும். ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று புள்ளி இல்லாமலே எழுதிவந்த காலம் உண்டு. அந்தச் சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் ஒவ்வொரு சொல்லிலும் எங்கே புள்ளி வரும் என்று எவ்வளவு மல்லுக்கட்டியிருப்பார்கள் என்பது அன்று அந்த ஹாலில் எனக்குக் கொஞ்சம் புரிந்தது.

விஜிஏயில் இணைத்தபோது கணினி 1360 × 768ல் நின்றது. 1366 ஏன் இல்லை? விஜிஏ பரம்பரையில் அகலத்தை எட்டு எட்டாக எண்ணும் வழக்கம். 1366 எட்டால் வகுபடாது, 1360 வகுபடும். அதனால் பழைய டிரைவர்கள் 1360ஐத்தான் காட்டும். ஓரத்தில் மூன்று மூன்று பிக்சல் போனால் போகட்டும், மீதி எல்லாம் ஒன்றுக்கு ஒன்று: கணினியின் ஒரு பிக்சல், பலகையின் ஒரு பிக்சல். சுருக்கல் இல்லை, நீட்டல் இல்லை. விஜிஏ கொஞ்சம் நழுவவிட்டாலும், எச்டிஎம்ஐ ஒரு துளியும் சிந்தாமல் கொண்டுவந்து சேர்த்ததை டிவி நசுக்குவதைவிட இது தெளிவாக இருந்தது. வயர் பழசு, வழி நேர்.

விஜிஏ வேலையில்லாமல் நன்றாக இருக்கும் என்றும் சொல்லமாட்டேன். முதலில் மாட்டியபோது திரையில் இரண்டு இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு பட்டை கலங்கலாகத் தெரிந்தது. அலையாக வரும் மின்னழுத்தத்தை எந்த நொடியில் அளந்து பிக்சலாக்குவது என்பதில் டிவி தடுமாறினால் இப்படித்தான். மெனுவில் 'ஆட்டோ அட்ஜஸ்ட்' கொடுத்தால் சரியாகிவிடும். அதையும் ஒரு வெள்ளைப் பக்கத்தில் நெருக்கமாகக் கறுப்பு எழுத்து இருக்கும்போது கொடுக்க வேண்டும். இருட்டு வால்பேப்பரில் கொடுத்தால் டிவி ஓரத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் படத்தை நகர்த்திவிடும். மருமகனுக்கு இதெல்லாம் மனப்பாடம்.

இரண்டாவது கைவேலை, ஓரத்தை வெட்டுவது. ஓவர்ஸ்கேன் என்று பெயர். டயனோரா, சாலிடேர் காலத்தில் டிவி பார்த்தவர்களுக்கு ஸ்டெபிலைசர் நினைவிருக்கும். கரண்ட் குறைந்தால் படம் நாலு பக்கமும் சுருங்கிக் கறுப்பு ஓரம் தெரியும். படக்குழாயில் படத்தின் ஓரம் ஒருநாளும் நேராக நிற்காது. அந்த அசிங்கம் தெரியக்கூடாது என்று டிவி செய்தவர்கள் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி, ஓரத்தைச் சட்டத்துக்குப் பின்னால் தள்ளினார்கள். ஒளிபரப்புகிறவர்களும் எழுத்தையோ முக்கியமான உருவத்தையோ ஓரத்தில் வைக்காமல் பழகினார்கள். படக்குழாய் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. தட்டை டிவிகளும் எச்டிஎம்ஐயில் வரும் படத்தின் ஓரத்தை நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு வெட்டித்தான் காட்டுகின்றன. கணினியில் முக்கியமான எல்லாமே ஓரத்தில்தான் இருக்கிறது. ஸ்டார்ட் பட்டன், கடிகாரம், ஜன்னலை மூடும் பெருக்கல் குறி. வெட்டினதோடு நிற்காமல் மிச்சத்தை நீட்டி நிரப்புவதால், ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கும் போய்விடுகிறது. இதற்கு மருந்து டிவியின் மெனுவிலேயே இருக்கிறது. பெயர்தான் கம்பெனிக்கு ஒன்று. எல்ஜியில் 'ஜஸ்ட் ஸ்கேன்', சாம்சங்கில் 'ஸ்கிரீன் ஃபிட்', சோனியில் 'ஃபுல் பிக்சல்'. டிரைவரில் போய்ப் படத்தைச் சுருக்கி ஓரத்தைச் சரிக்கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தப்பான மருந்து. ஏற்கெனவே ஒருமுறை நீட்டியதை இன்னொரு முறை சுருக்கினால் எழுத்து இரண்டு தடவை அடிபடும்.

இனி தென்காசி. என் வீட்டில் இருப்பது 43 இஞ்ச் 4கே டிவி. அதில் விஜிஏ துளை கிடையாது. இன்டெல், ஏஎம்டி, டெல், லெனோவோ, சாம்சங், எல்ஜி எல்லாம் சேர்ந்து 2010 டிசம்பரிலேயே, 2015க்குள் விஜிஏக்கு விடை கொடுக்கப்போவதாக அறிவித்துவிட்டன. சொன்ன நாளில் இல்லாவிட்டாலும் அது போய்க்கொண்டேதான் இருக்கிறது. ஆகவே இங்கே ஒரே வழி எச்டிஎம்ஐ.

கணக்கு இங்கே வேறு. 43 இஞ்ச் பலகையில் அகலத்துக்கு 3840 பிக்சல். ஒரு பிக்சல் கால் மில்லிமீட்டர். குற்றாலத்து 32 இஞ்சில் ஒரு பிக்சல் அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். என் கணினியின் எச்டிஎம்ஐ 1.4 தலைமுறை; அது 4கே படத்தை வினாடிக்கு 30 முறைதான் அனுப்பும். 60 முறை வேண்டும் என்றால் 2013இல் வந்த 2.0 இருக்க வேண்டும். 30ல் வைத்துப் பார்த்தேன். எழுத்து செதுக்கி வைத்ததுபோல் இருக்கிறது, ஆனால் மவுஸ் கையோடு வராமல் இழுத்து இழுத்து வருகிறது. கோரலில் நாள் முழுக்க வேலை செய்கிற கைக்கு அது ஆகாது. 1080ல் வைத்தேன். அப்போது நான்கு பிக்சல் சேர்ந்து ஒன்றாக வேலை செய்கிறது, ஏழை ஐந்தாக்கும் அநியாயம் இல்லை. ஒரு விசித்திரம்: அப்படிச் சேர்ந்த பிக்சலின் அகலம் அரை மில்லிமீட்டர். ஆக, தென்காசி டிவியிலும் குற்றாலத்து டிவியிலும் ஒரு எழுத்து கண்ணுக்கு ஏறக்குறைய ஒரே அளவுதான். இங்கே இடம் அதிகம், அவ்வளவுதான். அரை மில்லிமீட்டர் பிக்சல் தனியாகத் தெரியாமல் இருக்க ஐந்தரை அடி தள்ளி உட்கார வேண்டும். இரண்டு ஹாலிலும் பாய் விரிக்கும் தூரம் அதுதான்.

ஷார்ப்னெஸைக் குறைத்து, ஓரம் வெட்டுவதை நிறுத்தியபிறகு கறுப்பு வெள்ளை எழுத்து அழகாக வந்தது. சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஒரு வளைகாப்புப் பத்திரிகையைத் திறந்தேன். பச்சைப் பின்னணியில் ரோஸ் எழுத்து. எழுத்தின் ஓரமெல்லாம் தண்ணீர் பட்ட மை மாதிரி வழிந்திருந்தது. புள்ளிகள் மறுபடி காணவில்லை. மானிட்டரில் அதே பத்திரிகை பளிச்சென்று இருக்கிறது.

இங்கேதான் தம்பி உதவினார். மனிதக் கண் வெளிச்சத்தை நுணுக்கமாகப் பார்க்கும், நிறத்தை மொத்தமாகத்தான் பார்க்கும். வண்ண ஒளிபரப்பு வந்த நாளிலிருந்து டிவிக்காரர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். வெளிச்சத்தை ஒவ்வொரு பிக்சலுக்கும் வைத்துக்கொண்டு, நிறத்தை இரண்டு பிக்சலுக்கோ நாலு பிக்சலுக்கோ சேர்த்து ஒன்றாக வைப்பார்கள். 4:4:4 என்றால் நிறம் முழுசாக இருக்கிறது, 4:2:2 என்றால் பாதி, 4:2:0 என்றால் கால். கணினி முழுசாக அனுப்பினாலும், வருவது சினிமா என்று நினைக்கும் டிவி உள்ளே வாங்கிவைத்துக் குறைத்துவிடும். கறுப்பு எழுத்து வெள்ளைத் தாள் என்றால் வெளிச்சத்தின் வித்தியாசமே எழுத்தைக் காப்பாற்றும். மஞ்சள் தாளில் குங்குமச் சிவப்பு என்றாலும் பெரிதாகக் கெடாது. வெளிச்சத்தில் ஒட்டிப் பிறந்த இரண்டு நிறம், பச்சைமேல் ரோஸ், நீலத்தின்மேல் சிவப்பு என்று வந்தால்தான் எழுத்தைக் காட்டிக்கொடுக்க நிறம் ஒன்றைத் தவிர வேறு ஆள் இல்லை. அந்த நிறத்தையே பாதியாக்கினால் புள்ளி எங்கே நிற்கும்?

"டிவியில உள்ளீட்டுப் பெயரை 'பிசி'ன்னு மாத்துங்கண்ணே" என்றார் தம்பி. பெயரை மாற்றினால் படம் மாறுமா என்று நம்பாமல்தான் ரிமோட்டை எடுத்தேன். உள்ளீட்டுப் பட்டியலில் 'எச்டிஎம்ஐ 2' என்று இருந்ததைப் 'பிசி' என்று மாற்றியதும், டிவி ஒரு நொடி இருண்டு திரும்பி வந்தது. ரோஸ் எழுத்து கரையில் ஒதுங்கி நின்றது. புள்ளிகள் வந்துவிட்டன. குற்றாலத்து டிவியின் முதுகில் அச்சடித்திருந்ததை இங்கே நானே எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது.

கறுப்பு விஷயம் ஒன்று பாக்கி. டிவி உலகத்தில் கறுப்பு என்பது 16, வெள்ளை என்பது 235. கணினி உலகத்தில் கறுப்பு 0, வெள்ளை 255. ஒருவர் ஒன்றை அனுப்பி மற்றவர் இன்னொன்றை எதிர்பார்த்தால், கறுப்பு வெளிறிச் சாம்பலாகும். அல்லது பட்டுப்புடவையின் இருண்ட மடிப்புகள் எல்லாம் ஒரே இருட்டாகும். போட்டோ போட்டு அடிக்கிற ஃபிளெக்ஸ், ஆல்பம் வேலை செய்கிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். டிரைவரில் 'ஃபுல்' என்று வைத்து, டிவியிலும் அதற்கு ஏற்றபடி வைத்தால் தீர்ந்தது. விஜிஏயில் இந்தப் பேச்சே கிடையாது.

சத்தத்தில் எச்டிஎம்ஐக்குத்தான் வெற்றி. விஜிஏ படத்தை மட்டும் கொண்டுபோகும். சத்தத்துக்குத் தனியாக ஒரு வயர் இழுக்க வேண்டும். தூரத்தில் இரண்டுக்கும் குணம் வேறு. கல்யாண மண்டபங்களில் மேடையிலிருந்து பந்தி நடக்கும் இடத்துக்கு டிவி இழுக்கிறவர்கள் சொல்வார்கள்: விஜிஏ நீள நீள மங்கிக்கொண்டே வரும், எழுத்துக்குப் பின்னால் நிழல் விழும், ஆனாலும் தெரியும். எச்டிஎம்ஐ ஒரு எல்லை வரை ஒரு குறையும் இல்லாமல் இருந்து, அதைத் தாண்டியதும் மின்மினிப் பூச்சி பறந்து பட்டென்று இருண்டுவிடும். விஜிஏ முனையில் இரண்டு திருகு இருக்கிறது. முறுக்கிவிட்டால் பிள்ளைகள் ஓடினாலும் கழன்று விழாது. எச்டிஎம்ஐ வெறுமனே செருகி நிற்கிறது.

குற்றாலத்துக்கென்று ஒரு தனிக் கஷ்டம் உண்டு. சீசன் மூன்று மாதமும் காற்றே ஈரம். துணி காயாது, தீப்பெட்டி உரசாது. செருகாமல் வைத்த வயரின் முனையில் களிம்பு பிடித்துவிடும். அக்கா வீட்டில் எச்டிஎம்ஐ படம் அடிக்கடி விட்டுவிட்டு வந்ததற்குப் பாதிக் காரணம் இதுதான். மெல்லிய தகடுகள், நெருக்கமாக. விஜிஏயின் ஊசிகள் கொஞ்சம் தடிமன், களிம்பைத் தேய்த்துக்கொண்டு உள்ளே போய்விடும். வளைந்துவிட்டால் சின்னக் குறடால் நிமிர்த்திக்கொள்ளவும் முடியும்.

எர்த் விஷயத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. ஐப்பசி மாதம் ஒருநாள், டிவி ஓடிக்கொண்டிருக்கும்போதே, கேபிள் வயரும் அதில் இருக்கும்போதே, எச்டிஎம்ஐ முனையைக் கணினியில் செருகப் போனேன். விரலில் சுருக்கென்றது, முனையில் நீலமாக ஒரு பொறி. அதோடு கணினியின் அந்தத் துளை செத்துப்போயிற்று. கணினிக்கு மூன்று பின் பிளக், எர்த் உண்டு. டிவிக்கு இரண்டு பின்தான். அதன் உலோக பாகங்கள் எர்த் இல்லாமல் மிதந்துகொண்டிருக்கும். தெருக் கம்பத்திலிருந்து வரும் கேபிளின் வெளிப்பின்னலில் என்ன மின்னழுத்தம் இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு வேறு நிலையில் இருக்கும் உலோகங்களை நாம் கையால் சேர்க்கும் அந்த முதல் நொடியில், வித்தியாசம் முழுதும் அந்தச் சின்ன முனை வழியாகத்தான் பாயும். அன்றிலிருந்து நான் வைத்துக்கொண்ட வரிசை: முதலில் டிவி, கணினி இரண்டின் பிளக்கையும் பிடுங்க வேண்டும், கேபிள் வயரைக் கழற்ற வேண்டும், எச்டிஎம்ஐயை இரண்டு பக்கமும் செருக வேண்டும், பிறகு கேபிள், கடைசியில் பிளக். மலைப்பக்கம் மின்னல் தொடங்கினால் எல்லாவற்றையும் பிடுங்கிவிட வேண்டும். இடி விழுந்ததாக ஊர் சொல்லும் தென்காசி காசி விஸ்வநாதர் கோபுரம் எத்தனையோ காலம் மொட்டைக் கோபுரமாக நின்று 1990இல்தான் மறுபடி எழுந்தது. அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மின்னலைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை.

பழைய கணினியில் விஜிஏ மட்டும் இருக்கிறது, புதிய டிவியில் எச்டிஎம்ஐ மட்டும் இருக்கிறது என்று கன்வெர்ட்டர் வாங்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏக்கு மாற்றும் பெட்டி வேறு, விஜிஏயிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் பெட்டி வேறு. திருப்பிப் போட்டால் வேலை செய்யாது. முதல் வகைதான் கடைகளில் அதிகம் தொங்கும். இவர்களுக்கு வேண்டியது இரண்டாவது. அது யூஎஸ்பியில் கரண்ட் எடுக்கும், சத்தத்துக்குத் தனி வயரும் கேட்கும். மாற்றியபிறகும் டிவியைப் பொறுத்தவரை வந்திருப்பது எச்டிஎம்ஐதான். வெட்டும், நசுக்கும், நிறத்தைக் குறைக்கும். மேலே சொன்ன எல்லாவற்றையும் மறுபடி செய்தாக வேண்டும்.

எனக்கு எது என்றால், குற்றாலத்து 32 இஞ்சுக்கு விஜிஏ, தென்காசி 43 இஞ்சுக்குப் 'பிசி' என்று பெயர் வைத்த எச்டிஎம்ஐ. தட்டச்சு செய்ய இரண்டுமே வேண்டாம். அதற்குக் கைக்கெட்டும் தூரத்தில் மானிட்டர் இருக்க வேண்டும். செத்துப்போன துளைக்குப் பதிலாக ஜிடி 710 கார்டு ஒன்று போட்டிருக்கிறேன். அதில் விஜிஏயும் இருக்கிறது, எச்டிஎம்ஐயும் இருக்கிறது. இரண்டு வீட்டுக்கும் அது பொருந்துகிறது.

தை மாதம் அத்தானின் அண்ணன் கட்டிய வீட்டுக்குப் புதுமனை புகுவிழா. மறுபடி சிபியுவைத் தூக்கிக்கொண்டு குற்றாலம் போனேன். நீல வயரைப் போட்டுத் திருகை முறுக்கி, ஆட்டோ அட்ஜஸ்ட் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். பேச்சில்லாமல் படித்தார்கள். அத்தானின் அம்மா, எனக்கு அத்தை முறை, எழுபது தாண்டியவர்கள். கட்டிலில் உட்கார்ந்தபடியே கடைசிக்கு முந்தைய வரி வரை வந்து கையை நீட்டினார்கள்.

"ஏ ஐயா, சுந்தரபாண்டியபுரத்துல புள்ளி எங்கே?"

பழக்க தோஷத்தில் முதலில் டிவியைத்தான் பார்த்தேன். அதே வரியில் 'இல்லம்' இருந்தது. அதன் இரண்டு புள்ளியும் தெளிவாக இருந்தன. கோரலில் பெரிதாக்கினேன். 'சுந்தரபாணடியபுரம்' என்றுதான் அடித்து வைத்திருந்தேன். கீபோர்டை மடியில் இழுத்து, 'ண'வுக்குப் பின்னால் கர்சரை வைத்துப் புள்ளியைப் போட்டேன். அத்தை தலையாட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போனார்கள்.